சுயேச்சை: பத்துக் கையெழுத்தும் ஒரு குக்கரும்

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுதிய வடிவம்.)

இந்த எபிசோட் ஒரு டீக்கடையில ஆரம்பிச்சது.

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேலை பார்க்கிறவங்களுக்குத் தெரியும், சாயங்காலம் நாலு மணிக்கு எல்லா ஆபீஸும் ரோட்டுலதான் இருக்கும். அன்னைக்கு முந்தின நாள் ராத்திரி நல்ல மழை. எங்க டீம்ல இருக்கிற ஒரு நண்பன் முழங்கால் தண்ணியில பைக்கைத் தள்ளிட்டு வந்த கதையைச் சொல்லிட்டு இருந்தான். ரோடு, மழைநீர் வடிகால், ஏரியில கலக்குற கழிவுநீர்னு பேச்சு போச்சு. கடைசியில டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டு, "பேசாம நானே அடுத்த எலெக்‌ஷன்ல சுயேச்சையா நிக்கப் போறேன்டா"ன்னான். எல்லாரும் சிரிச்சோம். அவன் சிரிக்கல.

சரி, நிஜமாவே நிக்க முடியுமா? என்ன வேணும்? இதுக்கு முன்னாடி நின்னவங்க என்ன ஆனாங்க? அன்னைக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சேன், அதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல ஒரு விஷயம். ஓட்டுப் போடுற மெஷின்ல பேர் எந்த வரிசையில வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? மூணு அடுக்கு இருக்கு. மேல அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளோட வேட்பாளர்கள். அடுத்து, பதிவு பண்ணி ஆனா அங்கீகாரம் இல்லாத கட்சிகள். அதுக்கும் கீழ சுயேச்சைகள். ஒவ்வொரு அடுக்குக்குள்ளயும்தான் அகர வரிசை. அதனால உங்க பேர் 'அ'வுல ஆரம்பிச்சாலும், சுயேச்சைன்னா கீழதான். உங்களுக்கும் கீழ இருக்கிறது நோட்டா மட்டும்தான். அதுவும் 2013-ல வந்தது.

அந்தக் கடைசி அடுக்கோட வரலாறுதான் இன்னைக்கு நாம பார்க்கப் போறது.

ஆளுக்கு ஒரு பெட்டி

1952. சுதந்திர இந்தியாவோட முதல் பொதுத் தேர்தல். அப்போ சென்னை மாகாணம்னா இன்னைய தமிழ்நாடு மட்டும் இல்ல. ஆந்திரக் கடலோரம், மலபார் எல்லாம் சேர்த்து 375 இடங்கள் கொண்ட பெரிய சட்டமன்றம்.

அன்னைக்கு வாக்குச்சீட்டுல முத்திரை குத்துற முறை இல்ல. பூத்துக்குள்ள ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி இருக்கும், பெட்டி மேல அவரோட சின்னம் ஒட்டியிருக்கும். வாக்காளர் தன்னோட சீட்டை எடுத்துட்டுப் போய், பிடிச்ச சின்னம் இருக்கிற பெட்டியில போட்டுட்டு வரணும். படிக்கத் தெரியாதவங்க பெரும்பான்மையா இருந்த நாட்டுக்கு யோசிச்ச வழி இது. யோசிச்சுப் பாருங்க, அந்த அறையில மேல கீழங்கிற அடுக்கே கிடையாது. கட்சிக்காரருக்கும் ஒரு பெட்டி, சுயேச்சைக்கும் ஒரு பெட்டி.

ரிசல்ட் என்ன? காங்கிரஸுக்கு 152. பெரும்பான்மைக்கு வேண்டியது 188. கம்யூனிஸ்டுகளுக்கு 62. சுயேச்சைகளுக்கும் அதே 62! ஆட்சி யார் அமைக்கிறதுன்னு முடிவாகாத அந்தச் சட்டமன்றத்துல ஒவ்வொரு சுயேச்சையோட கையும் எண்ணப்பட்டது. ராஜாஜி தேர்தல்லயே நிக்காம மேலவைக்கு நியமனம் ஆகி முதலமைச்சரானது இந்தக் குழப்பத்துக்கு நடுவுலதான்.

அடுத்த தேர்தல் 1957. மொழிவாரியா மாநிலங்கள் பிரிஞ்சாச்சு, சென்னை மாநிலத்துல இப்போ 205 இடங்கள். காங்கிரஸ் 151, கம்யூனிஸ்டுகள் 4. மிச்சம் ஜெயிச்சவங்கள்ல பெரும்பாலானவங்களைத் தேர்தல் ஆணையத்தோட பதிவு 'சுயேச்சை'ன்னுதான் சொல்லுது. அந்தச் சுயேச்சைகள்ல காஞ்சிபுரத்துல இருந்து ஒருத்தர், குளித்தலையில இருந்து ஒருத்தர். அண்ணாவும் கலைஞரும்!

தி.மு.க. 1949-லயே ஆரம்பிச்ச கட்சி. ஆனா சட்டமன்றத் தேர்தல்ல முதல் தடவையா நின்னது 1957-லதான். அப்போ அவங்களுக்கு அங்கீகாரம் இல்ல. அதனால ஊருக்கே தெரிஞ்ச கட்சிக்காரங்க, காகிதத்துல மட்டும் சுயேச்சைகளா நின்னாங்க. 15 பேர் ஜெயிச்சாங்க. அதுக்கு அப்புறம்தான் அங்கீகாரமும் உதயசூரியனும் நிரந்தரமா வந்தது. பத்தே வருஷத்துல, 1967-ல, ஆட்சிக்கே வந்துட்டாங்க.

இதுல இருந்து ஒரு விஷயத்தை நோட் பண்ணிக்கோங்க. 'சுயேச்சை'ன்னு ஒரே வார்த்தை. ஆனா அதுக்குள்ள ரெண்டு வகை ஆட்கள் இருக்காங்க. ஒண்ணு, நிஜமாவே கட்சி இல்லாத தனி ஆள். இன்னொண்ணு, பின்னாடி ஒரு கட்சியே இருந்தும் காகிதம் இன்னும் கைக்கு வராத ஆள். சட்டத்தோட கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான். இந்தக் குழப்பம் இன்னைக்கு வரைக்கும் தொடருது. பின்னாடி மறுபடி இதுக்கு வருவோம்.

மொடக்குறிச்சி, 1996

இப்போ கொஞ்சம் கணக்கு.

1951-ல மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வந்தப்போ சட்டமன்ற வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாய். மொத்தச் செல்லுபடியான ஓட்டுல ஆறுல ஒரு பங்கு வாங்கலைன்னா அந்தப் பணம் போச்சு. 250 ரூபாய்தானேன்னு நினைக்காதீங்க. அப்போ 10 கிராம் தங்கம் சுமார் 100 ரூபாய். அப்படிப் பார்த்தா டெபாசிட் கிட்டத்தட்ட மூணு பவுன். விளையாட்டுக்கு யாரும் நிக்க மாட்டாங்க.

ஆனா அந்த 250 அப்படியே நின்னுடுச்சு. 1996 வரைக்கும், 45 வருஷம், அந்தத் தொகை மாறவே இல்ல. 1996-ல 10 கிராம் தங்கம் சுமார் 5,000 ரூபாய். அதாவது மூணு பவுனா இருந்த டெபாசிட், அரை கிராமுக்கு இறங்கிடுச்சு. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், ஒரு எண்ணை ஹார்ட்கோட் பண்ணிட்டு மறந்துட்டா என்ன ஆகும்னு. ஒருநாள் யாராவது அதைக் கண்டுபிடிச்சு முழுசா பயன்படுத்துவாங்க.

கண்டுபிடிச்சது ஈரோடு மாவட்ட விவசாயிகள்.

அவங்க கோரிக்கைகளை யாரும் காது கொடுத்துக் கேட்கல. ஊர்வலம், மனு, மறியல்னு எல்லாருக்கும் தெரிஞ்ச வழிகள் இருக்கு. இவங்க வேற வழியைத் தேர்ந்தெடுத்தாங்க. மொடக்குறிச்சி தொகுதியில கூட்டம் கூட்டமா போய் வேட்புமனு தாக்கல் பண்ணாங்க. கடைசிப் பட்டியல்ல மொத்தம் 1,033 வேட்பாளர்கள்!

அது மெஷின் இல்லாத காலம். 1,033 பேரும் சின்னங்களும் ஒரு தாள்ல அடங்குமா? வாக்குச்சீட்டைப் புத்தகம் மாதிரி அடிக்க வேண்டியதாச்சு. அதைப் போடுறதுக்கு வழக்கமான பெட்டி பத்தாது, பெரிய பெட்டிகள் வேணும். எல்லாத்தையும் தயார் பண்ண முடியாம அந்தத் தொகுதிக்கு மட்டும் தேர்தல் தள்ளிப் போச்சு. ஒரு தேர்தல் அலுவலரோட இடத்துல உங்களை வெச்சு யோசிச்சுப் பாருங்க. ஒரு வாக்காளர் புத்தகத்தைப் புரட்டி, தன்னோட ஆளைக் கண்டுபிடிச்சு, முத்திரை குத்தி, மடிச்சுப் போடணும். வெளியில வரிசை நிக்குது.

கடைசியில ஜெயிச்சது தி.மு.க.வோட சுப்புலட்சுமி ஜெகதீசன். 1,033 பேருல 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழல. அதாவது அவங்க தனக்குத்தானே கூட ஓட்டுப் போட்டுக்கல. இதைப் பார்த்துச் சிரிக்கத் தோணும். ஆனா அதுலயே விஷயம் இருக்கு. ஜெயிக்கணும்னு அவங்க நிக்கவே இல்ல. வாக்குச்சீட்டையே ஒரு மனுவா மாத்தி எழுதினாங்க. மனுவைப் படிக்காம ஒதுக்கிடலாம், வாக்குச்சீட்டை அரசாங்கம் அச்சடிச்சே ஆகணும்.

அதே 1996 பொதுத் தேர்தல்ல நாடாளுமன்றத்துக்கும் இது நடந்தது. ஆந்திராவோட நல்கொண்டாவுல 480 பேர், கர்நாடகாவோட பெல்காம்ல 456 பேர்.

ஓட்டையை அடைச்ச கதை

அரசாங்கம் என்ன பண்ணுச்சு? விவசாயிகளோட கோரிக்கையைப் பத்தி அப்புறம், முதல்ல அந்த ஓட்டையை அடைச்சது. அதே 1996-ல மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்ற டெபாசிட் 250-ல இருந்து 5,000. ஒரே தாவல்ல இருபது மடங்கு. நாடாளுமன்றத்துக்கு 500-ல இருந்து 10,000. பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதுல பாதி.

ஆனா டெபாசிட்டை விட முக்கியமான மாற்றம் ஒண்ணு அதே திருத்தத்துல இருக்கு. அதைப் பத்தி யாரும் அதிகம் பேசுறதில்ல. முன்மொழிபவர்கள். அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளரா இருந்தா, அந்தத் தொகுதி வாக்காளர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும். மத்த எல்லாருக்கும் பத்துப் பேர் வேணும். பத்துப் பேரும் அதே தொகுதியில வாக்காளரா இருக்கணும்.

இன்னும் ரெண்டு மாற்றம். மனுவைத் திரும்பப் பெறுற கடைசி நாளுக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவுல குறைஞ்சது 20 நாள் இருந்தது, 14 ஆகக் குறைஞ்சது. கட்சிக்காரருக்கு இதுல பெரிய நஷ்டம் இல்ல, அவரோட சின்னம் அம்பது வருஷமா சுவத்துல இருக்கு. சுயேச்சைக்கோ சின்னமே அந்தக் கடைசி நாள்லதான் ஒதுக்குவாங்க. அதுக்கு அப்புறம் கையில இருக்கிற ரெண்டு வாரத்துலதான் 'என் பேர் இது, என் சின்னம் இது'ன்னு ஊருக்கே சொல்லி முடிக்கணும்.

அடுத்தது, முன்னாடி ஓட்டுப்பதிவுக்கு முன்னால எந்த வேட்பாளர் இறந்தாலும் அந்தத் தொகுதித் தேர்தல் நிக்கும். 1996-க்கு அப்புறம், அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளர் இறந்தா மட்டும்தான். தேர்தலை நிறுத்துறதுக்காகவே சுயேச்சைகளைக் கொல்ற ஆபத்து இருந்ததால இதுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனாலும் அந்த வரியைப் படிக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சுயேச்சை செத்துப் போனாலும் அவர் பேர் மெஷின்ல இருக்கும், தேர்தல் நடக்கும்.

நியாயமாப் பேசணும்னா, சட்டம் எழுதினவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு. 1,033 பேர் நின்னா, நிஜமா ஜெயிக்கணும்னு நிக்கிற ஒரு நல்ல சுயேச்சையையும் அந்தக் கூட்டத்துல யாரும் கண்டுபிடிக்க முடியாது. வாக்காளருக்கும் அது கஷ்டம். ஏதாவது ஒரு வடிகட்டி வேணும்தான். கேள்வி, அந்த வடிகட்டி யாரைத் தடுக்குது, யாரை உள்ள விடுது.

அதுக்குப் பதில் சொன்னது ஆர்.கே. நகர்.

ஆர்.கே. நகர், 2017

2016 டிசம்பர் 5-ல ஜெயலலிதா இறந்தாங்க. அவங்க தொகுதி ஆர்.கே. நகர் காலியாச்சு. அ.தி.மு.க. உடைஞ்சது, இரட்டை இலை முடக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 12-ல நடக்க வேண்டிய இடைத்தேர்தலை, பணப் பட்டுவாடா காரணமா மூணு நாளைக்கு முன்னாடி ஆணையம் ரத்து பண்ணுச்சு. மறுபடி டிசம்பர் 21-ல தேர்தல். இந்தத் தடவை இரட்டை இலை ஈ.பி.எஸ்., ஓ.பி.எஸ். பக்கம் போயாச்சு. டி.டி.வி. தினகரன் சுயேச்சையா நின்னார். சின்னம் பிரஷர் குக்கர்.

அதே தேர்தல்ல நடிகர் விஷாலும் சுயேச்சையா மனு போட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. காரணம் என்ன தெரியுமா? பத்துக் கையெழுத்து. அவரை முன்மொழிஞ்சவங்கள்ல ரெண்டு பேர், அந்தக் கையெழுத்து எங்களோடது இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவங்க மிரட்டப்பட்டாங்கன்னு விஷால் புகார் சொன்னார், தேர்தல் அலுவலகத்துல போய் உட்கார்ந்தார், ரோட்டுல போராடினார். முடிவு மாறல.

இதுல யார் சொன்னது உண்மைங்கிறது என் கேள்வி இல்ல. வடிவமைப்பைப் பாருங்க. பத்துல ரெண்டு பேர் பின்வாங்கினா ஒரு வேட்பாளர் போட்டியிலயே இல்ல. கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் போதும், அந்த ஒருத்தர் கட்சிக்காரராத்தான் இருப்பார். சுயேச்சையோட பத்துப் பேர் யாரு? பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், கூடப் படிச்சவன். அவங்க அட்ரஸ் எல்லாருக்கும் தெரியும். ஒரு பெரிய நடிகருக்கே இதுதான் நிலைமைன்னா என் டீக்கடை நண்பனுக்கு?

ரிசல்ட் டிசம்பர் 24. தினகரனுக்கு 89,013 ஓட்டு. அ.தி.மு.க.வோட மதுசூதனனுக்கு 48,306. வித்தியாசம் 40,707. தி.மு.க. டெபாசிட் இழந்தது. 59 பேர் நின்ன தேர்தல்ல ஒரு சுயேச்சை பாதி ஓட்டை அள்ளிட்டுப் போனார். ரெண்டு வாரத்துல குக்கர் வீட்டுக்கு வீடு தெரிஞ்சுடுச்சு.

இப்போ 1957-ல நோட் பண்ணிக்கச் சொன்னதை எடுங்க. 1996-ல வெச்ச வடிகட்டி, பின்னாடி ஆள், பணம், அமைப்பு எல்லாம் இருக்கிற சுயேச்சையை ஒண்ணும் பண்ணல. அந்தப் பலம் இல்லாம, வெறும் தனி ஆளா வர்றவங்களைத்தான் அது உரசிப் பார்க்குது.

நம்ம பூந்தமல்லி, 2019

'அப்போ பின்னாடி ஒரு கட்சி இருந்தா சுயேச்சையா ஜெயிச்சுடலாம்'னு நீங்க நினைக்கலாம். அதுவும் இல்லைன்னு சொன்னது நம்ம ஏரியா.

பூந்தமல்லி தனித் தொகுதியில 2016-ல அ.தி.மு.க. சார்பா ஜெயிச்சவர் டி.ஏ. ஏழுமலை. தினகரன் பக்கம் போன 18 எம்.எல்.ஏ.க்கள்ல ஒருத்தர். 2017 செப்டம்பர் 18-ல சபாநாயகர் தனபால் அவங்களைத் தகுதி நீக்கம் பண்ணார். 2018 அக்டோபர்ல உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. 2019 ஏப்ரல் 18-ல, நாடாளுமன்றத் தேர்தலோட சேர்த்து இடைத்தேர்தல்.

தினகரனோட அ.ம.மு.க. அப்போ பதிவு ஆகல. உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசி நேரத்துல அவங்க வேட்பாளர்களுக்கு ஒரே பொதுச் சின்னம் கிடைச்சது. பரிசுப் பெட்டி. ஆனா காகிதத்துல எல்லாரும் சுயேச்சைகள். அப்படித்தான் பூந்தமல்லியில மூணு வருஷம் முன்னாடி ஜெயிச்ச எம்.எல்.ஏ., மெஷின்ல கடைசி அடுக்குல போய் நின்னார்.

தி.மு.க.வோட ஆ. கிருஷ்ணசாமி சுமார் 60,000 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். ஏழுமலைக்கு டெபாசிட்கூட கிடைக்கல. அதே தலைவர், கிட்டத்தட்ட அதே கதை, ஆர்.கே. நகருக்கு அப்புறம் 16 மாசம். ஆர்.கே. நகர்ல ஜனங்க ஒரு ஆளுக்கு ஓட்டுப் போட்டாங்க. பூந்தமல்லியில, ஆட்சி யார் கையில இருக்கணும்ங்கிற கேள்விக்குப் போட்டாங்க. அப்படித்தான் எனக்குத் தோணுது. அந்தக் கேள்வி பெருசா இருக்கும்போது கடைசி அடுக்கை யாரும் பார்க்கிறதில்ல.

பக்கத்துல ஆவடி. 2016-ல அங்க அ.தி.மு.க.வோட பாண்டியராஜன் ஜெயிச்ச வித்தியாசம் வெறும் 1,395. ஒரு பெரிய அபார்ட்மென்ட்ல இருக்கிற ஓட்டு. 2016-தான் எனக்கு முதல் ஓட்டு. 'சுயேச்சைக்குப் போட்டா ஓட்டு வேஸ்ட்'னு வீட்டுல சொல்லித்தான் அனுப்புனாங்க. 1,395-ங்கிற எண்ணைப் பார்க்கும்போது அந்தப் பயம் எங்க இருந்து வருதுன்னு புரியுது. ஆனா இன்னொரு பக்கமும் புரியுது. அந்த இடத்துல நாலு தெருவுல நல்ல பேர் இருக்கிற ஒரு சுயேச்சை நின்னா, ரெண்டு பெரிய கட்சியும் அவர் வீட்டு வாசலுக்கு வந்து நின்னிருக்கும்.

ஜெயிச்சா மட்டும்?

சரி, ஜெயிச்சே ஆச்சுன்னு வைங்க. அப்புறம்?

அப்பாவு. இப்போ நமக்கு அவரை 2021-ல சபாநாயகரானவரா தெரியும். 1996-ல ராதாபுரத்துல த.மா.கா. சார்பா ஜெயிச்சார். 2001-ல அதே ராதாபுரத்துல சுயேச்சையா நின்னு ஜெயிச்சார். அந்தச் சட்டமன்றத்துல மொத்தம் மூணு சுயேச்சைகள். 2006-ல தி.மு.க. வேட்பாளரா மறுபடி ஜெயிச்சார். 2016-ல 49 ஓட்டுல தோத்தார். 49! தபால் ஓட்டு எண்ணிக்கை மேல வழக்குப் போட்டு, அது வருஷக்கணக்கா போச்சு.

2006-ல தளி தொகுதியில டி. ராமச்சந்திரன் சுயேச்சையா ஜெயிச்சார். 234 பேருல அவர் ஒருத்தர்தான். அதுக்கு அப்புறம் 2011, 2016, 2021 மூணு பொதுத் தேர்தல்லயும் தமிழ்நாட்டுல ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கல. 62, அப்புறம் மூணு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் பூஜ்யம்.

ஜெயிச்ச சுயேச்சைக்கு இன்னொரு வேலியும் இருக்கு. 1985-ல வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, சுயேச்சையா ஜெயிச்சவர் அந்தப் பதவிக்காலத்துல எந்தக் கட்சியிலயும் சேரக் கூடாது. சேர்ந்தா பதவி போகும். இது எனக்குப் பிடிச்ச விதி. மக்கள் உன்னைத் தனி ஆளாத்தான் அனுப்புனாங்க, அப்படியே இருங்கிற மாதிரி.

தோக்கிறதுக்காகவே நிக்கிறவங்க

ஜெயிக்கிறது மட்டும்தான் காரணமா? மேட்டூர் பத்மராஜனைக் கேளுங்க. டயர் ரிப்பேர் கடை வெச்சிருக்கிறவர். 1988-ல ஆரம்பிச்சு இதுவரைக்கும் 200-க்கும் மேல தேர்தல்கள்ல நின்னுட்டார். அவரோட சிறந்த ரெக்கார்டு 2011-ல மேட்டூர் தொகுதியில வாங்கின 6,273 ஓட்டு. சாதாரண ஆளும் நிக்க முடியும்னு காட்டணும், அவ்வளவுதான் அவரோட கொள்கை. அதுக்காக இதுவரை எத்தனை டெபாசிட் போயிருக்கும்!

இன்னொரு பக்கம் நிஜாமாபாத். 2019 நாடாளுமன்றத் தேர்தல். மஞ்சளுக்கு வாரியம் வேணும், விலை வேணும்னு 178 விவசாயிகள் வேட்பாளர்களா நின்னாங்க. மொத்தம் 185 பேர். அப்போ டெபாசிட் 25,000. 1996-ல மொடக்குறிச்சிக்காரங்க 250 ரூபாயில செஞ்சதை, இவங்க நூறு மடங்கு காசு கட்டிச் செஞ்சாங்க. ஒரு பூத்துக்கு 12 பேலட் யூனிட் அடுக்கினாங்க. அந்தத் தேர்தல்ல அன்னைய முதலமைச்சரோட மகள் கவிதா தோத்தாங்க. 2025 ஜனவரியில தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்லயே திறக்கப்பட்டது. விவசாயிகள் நின்னதாலதான் அது வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன், நடுவுல அரசியல் நிறைய இருக்கு. ஆனா அதுக்கு அப்புறம் அந்தக் கோரிக்கையை யாராலயும் ஒதுக்க முடியல. ஈரோடும் மஞ்சள் ஊர், நிஜாமாபாத்தும் மஞ்சள் ஊர். ரெண்டு ஊரும் ஒரே வழியைக் கண்டுபிடிச்சிருக்கு.

எங்க பத்துப் பேர்

டீக்கடைக்குத் திரும்புவோம்.

ஒரு வாரம் கழிச்சு என் நண்பன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். வயசு 25 தாண்டியாச்சு, ஓகே. தமிழ்நாட்டுல ஏதாவது ஒரு தொகுதியில வாக்காளரா இருந்தாப் போதும், ஓகே. டெபாசிட் இப்போ 10,000. 1952-ல மூணு பவுன் கொடுத்தவங்களை நினைச்சா இது ஒண்ணும் இல்ல, எங்க டீம் ஒரு வீக்கெண்ட்ல செலவு பண்ற காசு. சின்னம்கூடப் பார்த்து வெச்சுட்டோம். சுயேச்சைகளுக்கான பட்டியல்ல கம்ப்யூட்டர் மவுஸ், பென் டிரைவ் எல்லாம் இருந்திருக்கு. அவனுக்கு பென் டிரைவ்தான் வேணுமாம்.

செலவு வரம்பு 40 லட்சம்னு சொன்னதும் கொஞ்சம் அமைதியானான். அவ்வளவு செலவு பண்ணணும்னு கட்டாயம் இல்ல, ஆனா எதிர்ல நிக்கிறவங்க பண்ணலாம். ஆவடியில மட்டும் 2021-ல 4 லட்சத்துக்கும் மேல வாக்காளர்கள். 14 நாள்ல அதுல எத்தனை கதவைத் தட்ட முடியும்?

அப்புறம் கடைசி விஷயத்துக்கு வந்தோம். பத்துக் கையெழுத்து.

சுத்தி உட்கார்ந்திருந்தவங்களை எண்ணினோம். பதினோரு பேர். 'சூப்பர், ஒருத்தர் எக்ஸ்ட்ரா'ன்னான். நான், "எத்தனை பேருக்கு அம்பத்தூர் தொகுதியில ஓட்டு இருக்கு?"ன்னு கேட்டேன்.

ஒருத்தனுக்கு மதுரை. ஒருத்தனுக்குத் திருநெல்வேலி. ஒரு பொண்ணுக்கு ஓசூர், இன்னொருத்தருக்குக் கும்பகோணம். ஒருத்தன் இன்னும் வாக்காளராவே பதிவு பண்ணல. ஆறு வருஷமா அம்பத்தூர்ல வாடகை கட்டுறவன், இந்த ஊர் தண்ணியில நடக்கிறவன், இந்த ஏரி நாத்தத்தை மோந்துட்டுத் தூங்குறவன், ஆனா ஓட்டு இன்னும் அம்மா அப்பா வீட்டுல இருக்கு. எண்ணி முடிச்சப்போ கையெழுத்துப் போடத் தகுதி இருந்தது நாலு பேருக்கு. வேட்பாளரா ஆகணும்னு சொன்னவனுக்கே ஓட்டு திண்டுக்கல்லதான். நிக்கலாம், சட்டம் தடுக்காது. ஆனா தனக்குத்தானே ஓட்டுப் போட்டுக்க முடியாது. மொடக்குறிச்சியில பூஜ்யம் வாங்கின 88 பேர் ஞாபகம் வந்தாங்க.

1996-ல எழுதின அந்த விதி மேல நான் மேல பேசின கோபம் இன்னும் இருக்கு. ஆனா அந்த மேசையில அது எங்ககிட்ட ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டுச்சு. இந்த ஊருக்காகப் பேசணும்னு சொல்றீங்களே, இந்த ஊர்ல உங்களைத் தெரிஞ்ச பத்துப் பேர் யாரு? அடுத்த வீட்டுக்காரர் பேர் என்ன? கவுன்சிலர் பேர் என்ன? 2022-ல சென்னை மாநகராட்சியோட 200 வார்டுல அஞ்சுல சுயேச்சைகள் ஜெயிச்சாங்க. சட்டமன்றத்துல பூஜ்யம், வார்டுல அஞ்சு. தெருவுல தெரிஞ்ச முகத்துக்கு இன்னும் மதிப்பு இருக்குன்னுதான் அதை நான் படிக்கிறேன்.

நண்பன் அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கப் போறானா? தெரியாது. அன்னைக்கு ராத்திரி அவன் பண்ணது வேற. படிவம் 8 பூர்த்தி பண்ணி, ஓட்டைத் திண்டுக்கல்ல இருந்து அம்பத்தூருக்கு மாத்த விண்ணப்பிச்சான். ஆன்லைன்லயே முடியுது, பதிவு பண்ண வாடகை ஒப்பந்தமோ கேஸ் பில்லோ ஏதாவது ஒரு முகவரி ஆதாரம் போதும். மறுநாள் எங்க குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டு, கீழ ஒரே வரி எழுதியிருந்தான்: "அஞ்சு ஆயிடுச்சு, இன்னும் அஞ்சு."

இந்த எபிசோடைக் கேட்டுட்டு இருக்கிற உங்ககிட்டயும் ஒண்ணு கேட்கிறேன். உங்க ஓட்டு எந்த ஊர்ல இருக்கு? நீங்க எந்த ஊர்ல இருக்கீங்க? ரெண்டும் வேற வேறன்னா, அது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், சொந்த ஊர் மேல பாசம் எனக்கும் புரியும். ஆனா ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.